மயில்துத்தத்தின் ஐந்தாவது நீர்

கடைசியில் 4.99 வந்தது. நீல நிற மயில்துத்தப் படிகத்தில் ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) காப்பர் சல்ஃபேட்டுக்கு எத்தனை மோல் நீர் இருக்கிறது என்பதைச் சூடேற்றி, எடை பார்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை இது. விடை 5 என்பது பள்ளியில் வேதியியல் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் அதே உப்பு, அதே புடக்குகையை (சூடு தாங்கும் சின்னப் பீங்கான் கிண்ணம்) வைத்துக்கொண்டு எனக்கு முதலில் 3.62 வந்தது. அப்புறம் 5.56 வந்தது. இரண்டு முறையும் தராசு சரியாகத்தான் சொல்லியிருந்தது. புடக்குகைக்குள் உண்மையில் என்ன இருந்ததோ அதன் எடையைக் காட்டியது. அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று புரிந்த பிறகுதான் 4.99 கிடைத்தது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கணக்கு சின்னது. நீலப் படிகத்தை எடை பார்க்க வேண்டும். நீர் முழுவதும் போகும்வரை சூடேற்ற வேண்டும். மிஞ்சிய வெள்ளைப் பொடியை எடை பார்க்க வேண்டும். குறைந்த எடை நீருடையது. அதை ஒரு மோல் நீரின் எடையான 18.015 கிராமால் வகுத்தால் நீரின் மோல் எண்ணிக்கை. மிஞ்சிய எடையை அதேபோல 159.61 ஆல் வகுத்தால் நீரற்ற காப்பர் சல்ஃபேட்டின் மோல் எண்ணிக்கை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 5 வர வேண்டும். சதவீதக் கணக்கில், படிகத்தின் எடையில் 36.08 பங்கு நீர்.

கருவிகள் என்று பார்த்தால் 30 மில்லி பீங்கான் புடக்குகை ஒன்று, அதற்கேற்ற மூடி, களிமண் குழாய் கோத்த கம்பி முக்கோணம், இரும்பு முக்காலி, நீண்ட இடுக்கி, ஸ்பிரிட் விளக்கு, பின்னால் ஒரு கேஸ் பர்னர். குளிர வைப்பதற்கு டெசிகேட்டர் என்ற ஈரம் புகாத மூடிய பாத்திரம், அதன் அடியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த கையுறையும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. சூடான உப்பு தெறிக்கும். அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

தராசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில் 0.01 கிராம் வரை காட்டும் தராசுதான் இருந்தது. 2 கிராம் உப்பில் நீர் 0.72 கிராம்தான். எடைக் கழித்தலில் 0.02 கிராம் அப்படியோ இப்படியோ போனால், மிஞ்சிய எடையிலும் அதே 0.02 எதிர்ப்பக்கம் நகரும். இரண்டும் சேர்ந்து விடையை 5 இலிருந்து 0.2 வரை தள்ளிவிடும். அதையே 5 கிராம் உப்பில் செய்தால் தள்ளல் 0.1க்குள் அடங்கிவிடும். ஆக, நல்ல தராசு இல்லாதவர்கள் உப்பைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் உப்பு கூடினால் அடியில் இருக்கும் நீர் வெளியே வர நேரமும் கூடும். முதல் இரண்டு ஓட்டங்களில் 3 கிராம்தான் எடுத்தேன்; 0.001 கிராம் காட்டும் தராசு கிடைத்த பிறகும் முக்கியமான ஓட்டத்துக்கு 5 கிராம் எடுத்தேன். அப்படி ஒரு தராசு தேடுபவர்கள் அது எவ்வளவு எடை வரை தாங்கும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 0.001 காட்டும் சின்னத் தராசுகள் சில 20 கிராமோடு நின்றுவிடும். என் புடக்குகையும் மூடியும் மட்டுமே 28 கிராமுக்கு மேல்.

முதல் வேலை, வெறும் புடக்குகையைச் சூடேற்றுவது. புதிய பீங்கானாக இருந்தாலும் அதில் ஈரம் இருக்கும். பழையதாக இருந்தால் முன்பு வைத்த பொருளின் மிச்சம் இருக்கும். பர்னரில் அடிப்பாகம் மங்கலாகச் சிவக்கும்வரை வைத்து, டெசிகேட்டரில் குளிரவைத்து எடை பார்த்தேன்: மூடியோடு 28.423. மறுபடி சூடேற்றி, குளிரவைத்து: 28.418. இன்னொரு தடவை: 28.417. எடை நின்றுவிட்டது. முதலில் போன அந்த 0.006 கிராமை விட்டிருந்தால் அது நீர்க்கணக்கில் சேர்ந்திருக்கும். இதற்குப் பிறகு புடக்குகையையும் மூடியையும் விரலால் தொடவே இல்லை. விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கும் இந்தத் தராசில் எடையாகத் தெரியும்.

அடுத்தது படிகம். பெரிய படிகங்கள் அழகாக இருக்கும், ஆனால் சோதனைக்கு ஆகாது. அவற்றுக்குள் கரைசல் துளிகள் சிறைப்பட்டிருக்கும். சூடு ஏறியதும் அவை ஆவியாகி, படிகம் படபடவென்று வெடித்து மூடிவரை சிதறும். வெளியே விழுந்த ஒவ்வொரு துகளும் நீராகவே கணக்கில் வரும். அதே நேரம் மாவு போல அரைத்துவிட்டாலும் சிக்கல்தான். மேலே ஒரு ஓடு கட்டி, உள்ளே ஆவி திணறுகிறது. கல்வத்தில் இட்டு லேசாக நசுக்கி, பொடியாகவும் இல்லாமல் கட்டியாகவும் இல்லாமல் மணல் பருமனுக்குக் கொண்டுவந்தது எனக்கு நன்றாக ஒத்துவந்தது. அப்புறம் இரண்டு வடிதாள்களுக்கு இடையில் வைத்து அழுத்தி மேற்பரப்பு ஈரத்தை ஒற்றி எடுத்தேன். இதற்கு அடுப்பையோ டெசிகேட்டரையோ பயன்படுத்தக்கூடாது. மேலே ஒட்டிய ஈரம் போவதோடு நிற்காமல் நாம் அளக்கப்போகும் நீரிலேயே கைவைத்துவிடும். ஓரம் வெளுத்துப்போன படிகங்கள் ஏற்கெனவே கொஞ்சம் நீரை இழந்தவை. அவற்றைப் பொறுக்கி ஒதுக்கினேன்.

முதல் ஓட்டம் ஸ்பிரிட் விளக்கில். 3.00 கிராம் உப்பு, மூடி சற்றே விலகி. சில நிமிடங்களில் நீலம் வெளிறத் தொடங்கியது. மூடியின் அடியில் நீர்த்துளிகள் கட்டின; மூடியும் சூடானதும் அவை ஆவியாகிப் போயின. வெளியே வருவது நீர்தானா என்று பார்க்க, குளிர்ந்த கண்ணாடித் தட்டு ஒன்றைச் சிறிது நேரம் மேலே பிடித்து, படிந்த துளியைக் கோபால்ட் குளோரைடு தாளில் தொட்டேன். நீலத் தாள் இளஞ்சிவப்பானது. நீர்தான். உப்பு முழுவதும் வெளுத்த பிறகும் நீண்ட நேரம் விளக்கை வைத்திருந்தேன். எடை 0.87 கிராம் குறைந்திருந்தது. மறுபடி சூடேற்றினேன், அதே எடை. நிலையான எடை வந்துவிட்டது, உப்பும் வெள்ளை. விடை 3.62.

நின்றுபோன எடை, நிறம் மாறிய உப்பு, ஆனால் விடை முழு எண்ணுக்குப் பக்கத்தில்கூட இல்லை. சிதறிப்போயிருந்தால் விடை கூடியிருக்க வேண்டும், இங்கே குறைந்திருக்கிறது. ஆக, நீர் இன்னும் உள்ளே இருக்கிறது. எவ்வளவு என்று பார்க்க, 3.62 ஐ விட்டுவிட்டுச் சதவீதத்தைப் பார்த்தேன்: 3.00 இல் 0.87 என்றால் 29.0. மயில்துத்தம் தன் ஐந்து நீரில் நான்கை மட்டும் இழந்தால் எடையில் 28.86 சதவீதம் குறையும். அதுவேதான். நான்கு போய், ஒன்று தங்கிவிட்டது.

அப்படியென்றால் விடை 4 என்றல்லவா வர வேண்டும்? வராது. மிஞ்சிய பொடியை நீரற்றது என்று எடுத்துக்கொண்டு 159.61 ஆல் வகுக்கிறோம். ஆனால் அந்தப் பொடியில் ஒரு நீர் இருக்கிறது. அதன் மோல் எடை 177.62. நீராகக் கணக்கில் சேர வேண்டியது உப்பின் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறது. மேலே உள்ள எண் குறைந்து, கீழே உள்ள எண் கூடி, விடை 3.59 பக்கம் வந்து நிற்கிறது. இந்தச் சோதனையில் யாருக்காவது 3.6 வந்தால், தராசைச் சந்தேகிக்க வேண்டாம். அடுப்புச் சூடு போதவில்லை.

நிறத்தை நம்பக்கூடாது என்பதும் இங்கேதான் தெரிந்தது. ஒற்றை நீர் உள்ள உப்பும் கிட்டத்தட்ட வெள்ளைதான். பீங்கானின் பளிச்சென்ற வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் மெல்லிய நீலச் சாயல் தெரியும். விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அதுவும் தெரியாது.

சரி, சூடு போதவில்லை என்றால் கூட்ட வேண்டியதுதான் என்று கேஸ் பர்னருக்குப் போனேன். 3.01 கிராம் உப்பு, நேரடிச் சுவாலை. முதலில் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு புடக்குகையின் அடியோரம் பழுப்பேறி, அங்கங்கே கருத்தது. கூடவே தொண்டையைப் பிடிக்கும் காட்டமான நெடி. உடனே பர்னரை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீரற்ற காப்பர் சல்ஃபேட் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சிதையத் தொடங்கும்; சல்ஃபர் டிரையாக்சைடு வெளியேறி, கடைசியில் கறுப்புக் காப்பர் ஆக்சைடு மிஞ்சும். அந்த வாயுவைச் சுவாசிக்கவே கூடாது. சுவாலை நேராகப் படும் பீங்கான் அடி அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடுகிறது. மேலே இருக்கும் உப்பு அப்போதும் பாதிச் சூட்டில்தான் இருக்கும்.

குளிர்ந்த பிறகு எடை பார்த்தேன். குறைந்தது 1.16 கிராம், 38.5 சதவீதம். விடை 5.56. 3.01 கிராமில் நீர் மொத்தமே 1.09 கிராம்தான் இருக்க முடியும். மேலே உள்ள 0.07 நீர் அல்ல, சிதைந்த உப்பிலிருந்து போன வாயு. உறுதி செய்துகொள்ள, மிச்சத்தை நீரில் கரைத்தேன். பெரும்பகுதி நீலக் கரைசலாகிவிட்டது. அடியில் கறுப்பு வண்டல் கரையாமல் தங்கியது. நீர் மட்டும் போயிருந்தால் எல்லாமே கரைந்திருக்கும். இந்தக் கரைத்துப் பார்க்கும் சோதனைக்குப் புதிதாக எந்தக் கருவியும் தேவையில்லை என்பதால் இப்போது ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் செய்கிறேன்.

ஆக, இரண்டு எல்லைகள் கிடைத்தன. கீழே, நான்கு நீர் போய் எடை நின்றுபோகும் இடம். மேலே, உப்பே சிதையும் இடம். கடைசி நீர் 200 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் முழுதாகப் போகிறது. 250இலிருந்து 300 டிகிரிக்குள் பிடித்து நிறுத்தினால் இரண்டு எல்லைக்கும் நடுவில் வசதியாக இருக்கலாம். பிடித்து நிறுத்துவதுதான் வேலை.

மணல் தட்டில் புடக்குகையைப் புதைத்துப் பார்த்தேன். சூடு சீராக வந்தது. ஆனால் எடுக்கும்போது அடியில் மணல்துகள்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. தூரிகையால் துடைத்தாலும் 0.001 தராசில் அந்த எடை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. அதைக் கைவிட்டு, காற்றையே நடுவில் வைத்தேன். அகலமான இரும்புக் கிண்ணம் ஒன்றை முக்காலியில் வைத்து, அதற்குள் கம்பி முக்கோணத்தின் கால்களை மடக்கி நிறுத்தி, புடக்குகையின் அடி கிண்ணத்தைத் தொடாமல் சுமார் 1 சென்டிமீட்டர் மேலே இருக்கும்படி அமைத்தேன். சுவாலை கிண்ணத்தில் படும். கிண்ணத்தின் சூடு காற்று வழியாகவும் கதிர்வீச்சாகவும் புடக்குகைக்குப் போகும். எந்த ஓர் இடமும் தனியாகச் சிவக்காது. கிண்ணத்தின் மேல் துளையிட்ட தகடு ஒன்றைப் பாதி மூடிவைத்தால் காற்றோட்டத்தால் சூடு ஏறி இறங்குவதும் குறைகிறது.

சூட்டை அளக்க ஒரு தெர்மோகப்பிள், அதாவது கம்பி நுனியால் சூட்டை உணரும் வெப்பமானி. முதலில் அதைக் கொதிக்கும் நீரில் வைத்து 100ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். அதன் நுனியை உப்புக்குள் வைக்க முடியாது. உப்பு அதில் ஒட்டிக்கொண்டால் எடை போய்விடும். வெறும் காற்றில் தொங்கவிட்டால் காட்டும் எண் உப்பின் சூடு அல்ல. அதனால் இன்னொரு புடக்குகையில் அதே அளவு மணலை இட்டு, அதே அமைப்பில் வைத்து, மணலுக்குள் ஒரு நுனி, காற்று இடைவெளியில் ஒரு நுனி என்று இரண்டையும் ஒப்பிட்டேன். நின்று நிதானமான பிறகு மணல், காற்றைவிட 20 டிகிரி போலக் குறைவாகவே இருந்தது. பிறகு உப்பை வைக்கும்போது காற்று நுனியின் எண்ணில் அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டேன். இந்த ஒத்திகைக்கு ஆன நேரம் முழுக்க முழுக்கத் தகும்.

இனி முக்கியமான ஓட்டம். புடக்குகையும் மூடியும் 28.417. உப்போடு 33.462. ஆக உப்பு 5.045 கிராம். இந்தத் தடவை ஒரேயடியாக மேலே போகாமல், முதலில் 130 டிகிரி பக்கம் நிறுத்தினேன். ஸ்பிரிட் விளக்கில் அறியாமல் நின்றுபோன இடத்தில் இப்போது தெரிந்தே நின்று, அந்த நான்கு நீரைத் தனியாக எடை பார்க்க வேண்டும் என்று ஆசை. மிக மெதுவாகச் சூட்டை ஏற்றினேன். 60 டிகிரியைத் தாண்டியதுமே வெளிறல் தொடங்கிவிட்டது. 100ஐத் தாண்டிய பிறகு மூடியைச் சற்றே விலக்கி, ஆவி போக வழி விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, குளிரவைத்து எடை பார்த்தால் 32.018. இன்னும் அரை மணி: 32.011. இன்னும் அரை மணி: 32.011. நின்றுவிட்டது. இழப்பு 1.451 கிராம், 28.76 சதவீதம். கணக்குப்படி 28.86. அழகாக ஒத்துப்போகிறது.

பிறகு 270 டிகிரிக்கு ஏற்றினேன். நின்றுபோயிருந்த எடை மறுபடி இறங்கத் தொடங்கியது: 31.668, 31.646, 31.645. அங்கே நின்றது. இரண்டாம் கட்டத்தில் போனது 0.366 கிராம். முதல் கட்டத்தின் 1.451ஐ இந்த 0.366 ஆல் வகுத்தால் 3.96. நான்குக்கு ஒன்று!

இந்த எண்தான் எனக்கு இந்தச் சோதனையிலேயே பிடித்தது. இதில் செம்பின் அணு எடை வேண்டாம், சல்ஃபேட்டின் எடை வேண்டாம், நீரின் மோல் எடைகூட வேண்டாம். நீர் இரண்டு தவணையாகப் போகிறது, முதல் தவணை இரண்டாவதைப் போல நான்கு மடங்கு என்பதைத் தராசு மட்டுமே சொல்லிவிடுகிறது. நேராக 270க்குப் போயிருந்தால் மொத்த இழப்பு கிடைத்திருக்கும், இது கிடைத்திருக்காது.

மொத்தக் கணக்கு: இழப்பு 1.817 கிராம், 36.02 சதவீதம். மிச்சம் 3.228 கிராம். நீர் 0.10086 மோல், உப்பு 0.020224 மோல், விடை 4.99. பொடி பளிச்சென்ற வெள்ளை. பழுப்பு ஓரம் எங்கும் இல்லை. ஒரு சிட்டிகை எடுத்து நீரில் இட்டபோது, வண்டல் இல்லாமல் முழுவதும் கரைந்தது.

இங்கே குளிரவைப்பதையும் எடை பார்ப்பதையும் பற்றி எழுதியாக வேண்டும், ஏனென்றால் சூடேற்றலில் காட்டிய கவனத்தையெல்லாம் இந்தச் சில நிமிடங்கள் கெடுத்துவிடும். புடக்குகை வெதுவெதுப்பாக இருக்கும்போதே தராசில் வைத்தால், அதைச் சுற்றிச் சூடான காற்று மேலெழும்பி, எடை குறைத்துக் காட்டும். வெறும் புடக்குகையை வேண்டுமென்றே அப்படி வைத்துப் பார்த்தேன், 0.02 கிராம் வரை குறைவாகக் காட்டியது, பிறகு ஆற ஆற ஏறியது. அதற்காகத் திறந்த வெளியில் ஆறவிட்டால் எதிர்ப்பக்கச் சிக்கல். நீரற்ற காப்பர் சல்ஃபேட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். 31.645 இல் நின்ற உப்பை மூடியைத் திறந்து தராசிலேயே விட்டபோது, கண்ணெதிரிலேயே எண் ஏறி, சில நிமிடங்களில் 31.652 ஆனது. ஈரக்காற்று அடிக்கும் நாளில் இன்னும் வேகமாக ஏறும்.

எனவே டெசிகேட்டர் கட்டாயம். சிலிக்கா ஜெல்லை முந்தைய நாளே உலர்த்தி வைத்துக்கொள்வது நல்லது. நிறம் மாறிய ஜெல் பேருக்குத்தான் உள்ளே இருக்கும். கொதிசூட்டில் இருக்கும் புடக்குகையை வைத்த உடனே டெசிகேட்டரை இறுக மூடினால் உள்ளே காற்று விரிந்து மூடியைத் தூக்கும். ஆறியதும் உள்ளே அழுத்தம் குறைந்து மூடி இறுகிக்கொள்ளும், திறக்கும் வேகத்தில் காற்று பாய்ந்து பொடியைக் கிளப்பிவிடும். புடக்குகையை வைத்து, ஒரு நிமிடம் போல மூடியை லேசாக நகர்த்தி வைத்திருந்து, பிறகு மூடினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நேரம், 30 நிமிடம், ஆறவிட்டேன். இடுக்கியால் எடுத்து, புடக்குகையின் மூடியோடு தராசில் வைத்து, எண் நின்றதும் குறித்துக்கொண்டேன்.

மயில்துத்தம் கைவந்த பிறகு, அதே அமைப்பில் எப்சம் உப்பை வைத்துப் பார்த்தேன். மெக்னீசியம் சல்ஃபேட், ஏழு நீர், எடையில் 51.16 சதவீதம் நீர். இது முற்றிலும் வேறு குணம். சூடு ஏறியதும் தன் நீரிலேயே இளகிக் கூழாகிறது. அந்தக் கூழ் கொதித்துத் தெறிக்கிறது. கொஞ்சம் உலர்ந்ததும் மேலே கெட்டியான ஓடு கட்டி, உள்ளே ஆவி முட்டி, ஓட்டை உடைத்துக்கொண்டு வருகிறது. ஆரம்பத்தில் சூட்டை மிகக் குறைவாக வைத்து, மெல்லிய படலமாகப் பரப்பினால்தான் அடங்குகிறது. நிறமும் உதவாது, முதலும் வெள்ளை, முடிவும் வெள்ளை.

2.512 கிராம் எடுத்தேன். 200 டிகிரியில் இழப்பு 1.098 கிராமில் நின்றது: 43.7 சதவீதம். மயில்துத்தம் கற்றுக்கொடுத்ததால் இந்த முறை குழப்பமில்லை; ஏழில் ஆறு போனால் 43.86. இங்கும் கடைசி ஒன்று விடாப்பிடியாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதை விரட்டுவது இங்கே சுலபம். நீரற்ற மெக்னீசியம் சல்ஃபேட் சிதைவதற்கு 1,000 டிகிரிக்கும் மேல் வேண்டும் என்பதால், கிண்ணத்தை எடுத்துவிட்டு நேரடிச் சுவாலையிலேயே புடக்குகையின் அடி சிவக்கும்வரை வைக்கலாம். இழப்பு 1.281 கிராமில் நின்றது, 51.0 சதவீதம், விடை 6.95. முதல்முறை செய்பவர்களுக்கு எதைச் சொல்வேன் என்று கேட்டால், எப்சம் உப்பையே சொல்வேன். தெறிப்பதைப் பொறுமையால் சமாளிக்கலாம்; நச்சு வாயு பயம் இல்லை. ஒன்று மட்டும்: புட்டி திறந்தே கிடந்த பழைய எப்சம் உப்பு வேண்டாம். வறண்ட காற்றில் அது ஏழில் ஒன்றைத் தானாகவே இழக்கும். படிகங்கள் பளபளப்பு போய் மங்கியிருக்கும்.

நீரேறிய உப்பு எதுவானாலும் இப்படி அளந்துவிடலாம் என்று எண்ணிவிட வேண்டாம். மெக்னீசியம் குளோரைடின் ஆறு நீர்ப் படிகத்தைச் சூடேற்றினால் நீரோடு ஹைட்ரஜன் குளோரைடும் வெளியேறும். எடை குறையும், ஆனால் குறைந்ததெல்லாம் நீர் ஆகாது, வாயுவும் ஆபத்தானது. சூட்டில் நீரை மட்டும் விடும் உப்புதானா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அடுப்பில் வைக்க வேண்டும்.

அடுத்த முறை செய்யும்போது ஆழமான புடக்குகைக்குப் பதில் அகலமும் தட்டையுமான ஒன்றைத் தேடுவேன். 5 கிராம் உப்பு மெல்லியதாகப் பரவினால், கடைசி 0.02 கிராமுக்காகக் காத்திருக்கும் நேரம் பாதியாகும் என்று நினைக்கிறேன். சூடேற்றும் அமைப்புக்குச் செலவு செய்வதைவிடத் தராசுக்கும் டெசிகேட்டருக்கும் செலவு செய்வதுதான் பலன் தரும். இரும்புக் கிண்ணமும் வளைத்த கம்பியும் சூட்டைப் பார்த்துக்கொள்ளும். குறிப்பேட்டில் கழித்து வந்த எண்ணை மட்டும் எழுதாமல், தராசு காட்டிய எண்ணை அப்படியே எழுதுவதையும் தொடர்வேன். 3.62இன் பொருள் விளங்கியது அந்த மூல எண்களுக்குத் திரும்பிப் போக முடிந்ததால்தான்.

மிஞ்சிய காப்பர் சல்ஃபேட்டைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. மீன்களுக்கும் பாசிகளுக்கும் அது நஞ்சு. வெள்ளைப் பொடியில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டால் மறுபடி நீலமாகும், கூடவே நன்றாகச் சூடாகும். அதனால் மொத்தமாக நீரை ஊற்ற வேண்டாம். கரைத்து, வடிகட்டி, அகலமான கண்ணாடித் தட்டில் மூடாமல் வைத்துவிட்டால் சில நாட்களில் புதிய நீலப் படிகங்கள் கிடைக்கும். என் அடுத்த ஓட்டத்துக்கான உப்பு அதுதான்.

அதற்கு முன் ஜிப்சத்தைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு நீர், எடையில் 20.93 சதவீதம். முக்கால் பங்கு நீர் போனதும் பாரிஸ் சாந்து ஆகிறது. அப்போது இழப்பு 15.69. அந்த இடத்தில் இந்த அமைப்பில் எடை நிற்கிறதா, அல்லது நிற்காமல் வழுக்கி இறங்கிவிடுகிறதா என்று பார்க்க, சூட்டை 10 டிகிரி 10 டிகிரியாக ஏற்றப்போகிறேன்.